சாக்சியின் எட்டு மணி நேரம்: ஓர் இரும்பாலையின் சலுகைகள் நாட்டின் சட்டமான விதம்

2022 ஏப்ரல் மாதம் சென்னையின் மென்பொருள் நிறுவனங்கள் இரண்டு அடுத்தடுத்துச் செய்தியில் வந்தன. கிஸ்ஃப்ளோ தன் மூத்த ஊழியர்கள் ஐந்து பேருக்கு பி.எம்.டபிள்யூ கார் கொடுத்தது. ஐடியாஸ்டூஐடி நூறு பேருக்கு மாருதி கார் கொடுத்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சூரத்தில் ஒரு வைர நிறுவனம் தீபாவளிக்குக் காரும் வீடும் நகையும் கொடுத்து நாடு முழுக்கப் பேசப்பட்டது. இந்தச் செய்திகளைப் படிக்கும்போது எனக்கு உண்மையாகவே சந்தோஷம்தான். கூடவே நின்று உழைத்தவர்களை முதலாளி நினைத்துப் பார்க்கிறார் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனாலும் ஊழியர் நலன் என்ற சொல்லைக் கேட்டதும் என் கண்முன் வருவது கார் சாவி இல்லை, ஒரு மஞ்சப்பை. அம்பத்தூர்ப் பக்கம் ஆலைகளில் ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் பர்சனல் டிபார்ட்மென்ட் வேலையிலேயே என் வாழ்நாளில் பாதி போனது. ஒரு மத்தியானம், கணவரின் காரியம் முடிந்த கையோடு, ஒரு அம்மா அந்தப் பையோடு வந்து உட்கார்ந்தார். பைக்குள் பழைய சம்பளச் சீட்டுகள், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. அட்டை, ரேஷன் கார்டு, மடித்து மடித்துக் கிழிந்துபோன பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதிச் சீட்டு. "சார், அவரு இங்க இருந்ததுக்கு எங்களுக்கு ஏதாச்சும் வருமா?" என்றார். வரும் என்றேன். பி.எஃப். தொகை வரும், அதோடு இணைந்த காப்பீடு வரும், குடும்ப ஓய்வூதியம் வரும், பணிக்கொடையான கிராச்சுட்டி வரும். சர்வீஸ் ஐந்து வருஷம் முடியாமல் இருந்தாலும், இறந்துபோனவர் விஷயத்தில் கிராச்சுட்டிக்கு அந்த ஐந்து வருஷக் கணக்கு பார்ப்பதில்லை என்று விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே அழுதார்.

நான் சொன்ன நான்கில் ஒன்றுகூட எங்கள் ஆலை மனமுவந்து கொடுத்தது கிடையாது. எல்லாம் சட்டம். அந்தச் சட்டங்கள் எழுதப்படுவதற்கு முன்னால், கேட்பாரில்லாத காலத்தில், இவற்றை முதலில் யார் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. தேடிப் போனதில் வந்து சேர்ந்த ஊர், டாட்டா இரும்பாலை இருக்கும் ஜாம்ஷெட்பூர்.

நாக்பூர், 1877

கதை இரும்பில் தொடங்கவில்லை, பஞ்சில் தொடங்குகிறது. 1877 ஜனவரி 1-ஆம் தேதி ஜாம்ஷெட்ஜி நுசர்வான்ஜி டாட்டா நாக்பூரில் எம்ப்ரஸ் மில்லைத் திறந்தார். விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட அதே நாள். ஆலை ஓட ஆரம்பித்ததும் அவருக்கு வந்த பெரிய தலைவலி ஆள் வராதது. எந்த நாளை எடுத்தாலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார் என்ற நிலை. அந்தக் காலத்து மில் முதலாளிகளுக்குத் தெரிந்த மருந்து அபராதமும் சம்பளப் பிடித்தமும்தான். ஜாம்ஷெட்ஜி அந்த வழியில் போகவில்லை. விளையாட்டு நாள் வைத்தார், பரிசு கொடுத்தார், 1886-இல் ஓய்வூதிய நிதி தொடங்கினார், 1895-இல் விபத்தில் அடிபட்டவருக்கு இழப்பீடு தர ஏற்பாடு செய்தார்.

மில்லுக்குள் காற்றோட்டத்துக்கும் ஈரப்பதத்துக்கும் கருவிகள் பொருத்தினார், தீயணைக்கத் தண்ணீர் தெளிப்பான்களும் வைத்தார். நாக்பூர் வெயிலில் காற்று காய்ந்துபோனால் நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்பது பஞ்சாலையில் நின்றவர்களுக்குத் தெரியும். ஈரப்பதம் நூலுக்கும் வேண்டும், அந்தப் புழுதிக் காற்றை மூச்சாக இழுப்பவருக்கும் வேண்டும். ஒரே செலவில் இரண்டும் நடந்தது. இதைச் சொல்வதால் அவருடைய நல்லெண்ணம் குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. தொழிலுக்குப் பயன்படாத சலுகை முதல் நஷ்ட வருஷத்திலேயே வெட்டப்பட்டுவிடும் என்பதை நான் நேரிலேயே பலமுறை பார்த்திருக்கிறேன். நாக்பூரில் போட்டவை நின்றதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம்.

இடம் கிடைக்கும் முன்பே எழுதிய கடிதம்

இரும்பாலைக் கனவோடு திரிந்த ஜாம்ஷெட்ஜி 1902-இல் மகன் தோராப்ஜிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆலை எங்கே வரப்போகிறது என்பதே அப்போது முடிவாகவில்லை. இரும்புத் தாது எந்த மலையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்த காலம். ஆனால் தொழிலாளர் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. தெருக்கள் அகலமாக இருக்கட்டும், இருபுறமும் நிழல் மரம் நடு, அவற்றில் ஒன்றுவிட்டு ஒன்று சீக்கிரம் வளரும் வகையாக இருக்கட்டும் என்று எழுதினார். புல்வெளிக்கும் தோட்டத்துக்கும் இடம், கால்பந்துக்கும் ஹாக்கிக்கும் பெரிய மைதானங்கள், கோவிலுக்கும் மசூதிக்கும் தேவாலயத்துக்கும் தனித்தனி இடம்.

சீக்கிரம் வளரும் மரம் என்ற இடத்தில் எப்போதும் என் கண் நின்றுவிடும். முதல் செங்கல் சுமக்க வருகிறவனுக்கே நிழல் கிடைக்க வேண்டும், அவன் பேரன் காலம் வரை காக்க வைக்கக்கூடாது என்று யோசித்திருக்கிறார். அவர் 1904-இல் ஜெர்மனியில் காலமானார். ஆலையையும் ஊரையும் அவர் பார்க்கவில்லை.

இன்றைக்கு டாட்டா ஸ்டீல் என்று அழைக்கப்படும் டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் 1907 ஆகஸ்டில் பதிவானது. சுவர்ணரேகாவும் கர்காயும் கூடுகிற இடத்தருகே சாக்சி என்ற கிராமத்தில் காடு திருத்தி வேலை தொடங்கியது. பின்னாளில் ஜாம்ஷெட்பூர் ஆனது அந்தச் சாக்சிதான். 1912 பிப்ரவரியில் முதல் எஃகுப் பாளம் வெளியே வந்தது. அதே 1912-இல் எட்டு மணி நேர வேலை நாளும் வந்தது.

இதன் கனம் விளங்க எஃகு ஆலை எப்படி ஓடும் என்று தெரிய வேண்டும். இரும்புத் தாதை உருக்கும் ஊது உலையைப் பற்றவைத்துவிட்டால் நினைத்த நேரத்தில் அணைக்க முடியாது. ராப்பகலாக எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்து ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிறுத்தலாம், அல்லது மூன்று அணியாகப் பிரித்து எட்டு மணி நேரம் நிறுத்தலாம். அன்றைய அமெரிக்க எஃகு ஆலைகள் முதல் வழியில்தான் ஓடின. அங்கே பகல் அணியும் இரவு அணியும் இடம் மாறுகிற நாளில் ஒரு அணி இருபத்துநான்கு மணி நேரமும் தொடர்ந்து உலை முன்னால் நிற்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் ஒழிய 1923 வரை ஆனது, அதுவும் அந்நாட்டு அதிபர் ஹார்டிங் நெருக்கிய பிறகு. சாக்சியின் ஆலையை வடிவமைத்தவர்களும் தொடக்கத்தில் நடத்தியவர்களும் அமெரிக்க நிபுணர்கள். தங்கள் நாட்டில் இல்லாத ஒன்றை அவர்கள் இங்கே நடைமுறைப்படுத்தினார்கள்.

இங்கே கூலி குறைவு என்பதால் மூன்றாவது அணியின் செலவு தாங்கக்கூடியதாக இருந்தது என்று வாதிடலாம். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் அதே குறைந்த கூலி பம்பாயிலும் சென்னையிலும் இருந்தது. அங்கெல்லாம் ஆலைகள் சூரியனைப் பார்த்து ஓடின. 1911-இன் தொழிற்சாலைச் சட்டம் பஞ்சாலைகளில் ஆண்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை அனுமதித்தது. 1922-இல் அது பதினொன்றாகக் குறைந்தது, அவ்வளவுதான். சென்னையில் 1918-இல் பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, பின்னி ஆலைத் தொழிலாளி முன்வைத்த குறைகளில் மத்தியானச் சோறு தின்னப் போதிய நேரம் இல்லை என்பதும் ஒன்று. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியபோது, சாக்சியில் எட்டு மணி நேரத்துக்குப் பதினோரு வயது ஆகியிருந்தது.

நாடு முழுமைக்கும் வாரம் 48 மணி நேரம் என்பது 1946-இன் திருத்தத்தில்தான் வந்தது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்த டாக்டர் அம்பேத்கர் அதற்காக உழைத்தார். பிறகு 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் அதை உறுதிசெய்தது. முடிந்துபோன விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்திலேயே பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பவே நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதல்வர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலரின் மே தினத்துக்குச் சரியாக நூறு ஆண்டு நிறைந்த நாள் அது.

தேதிகளை அடுக்கிப் பார்த்தால்

ஜாம்ஷெட்பூரில் ஒவ்வொரு நலனும் தொடங்கிய ஆண்டையும், அது நாட்டின் சட்டமான ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு நோட்டில் வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பர்சனல் பிள்ளைகளுக்கு முதல் நாள் அதைத்தான் காட்டுவேன்.

இலவச மருத்துவம் 1915-இல் வந்தது, இ.எஸ்.ஐ. சட்டம் 1948-இல். சம்பளத்தோடு விடுப்பு 1920-இல், சட்டத்தில் 1945-இல். வருங்கால வைப்பு நிதி 1920-இல், சட்டம் 1952-இல். விபத்து இழப்பீடு 1920-இல், சட்டம் 1923-இல். பேறுகால உதவி 1928-இல், நாடு முழுமைக்குமான சட்டம் 1961-இல். லாபத்தில் பங்கான போனஸ் 1934-இல், போனஸ் சட்டம் 1965-இல். பணி ஓய்வுக்கான கிராச்சுட்டி 1937-இல், சட்டம் 1972-இல். வேலைக்கு வரும் வழியிலோ வீடு திரும்பும் வழியிலோ சாலை விபத்தில் சிக்கினால் உதவித்தொகை என்பது 1979-இல் வந்தது.

கிராச்சுட்டிக்கு இடையில் விழுந்த முப்பத்தைந்து வருஷத்தை நினைத்தால் மனசு கனக்கிறது. 1937-இல் இளைஞனாக ஏதோ ஒரு ஊரில் ஆலையில் சேர்ந்தவன், சட்டம் வருவதற்குள் வேலை முடித்து வெறுங்கையோடு வெளியே போயிருப்பான். அதே வயதில் ஜாம்ஷெட்பூரில் சேர்ந்தவன் கையில் ஒரு தொகையோடு போயிருப்பான். இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் உழைத்திருப்பார்கள்.

பேறுகால உதவியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரும்பாலை என்றால் ஆண்கள் என்றுதான் நினைப்போம். ஆனால் ஜாம்ஷெட்பூரில் மண்ணும் செங்கல்லும் நிலக்கரியும் கூடையில் சுமந்தவர்களில் பெண்கள் நிறைய. ரெஜா என்று அவர்களைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் சுற்றுவட்டாரத்து ஆதிவாசிப் பெண்கள். யார் நிலத்தில் ஆலை எழுந்ததோ அவர்களின் மகள்கள். 1928-இல் பேறுகால உதவி வந்த அதே ஆண்டு, பம்பாய் சட்ட மேலவையில் பேறுகால நலன் மசோதாவை அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். பிள்ளை பெறும் பெண்ணுக்கு ஓய்வு கொடுப்பது நாட்டுக்கே நலன் என்பது அவர் நிலைப்பாடு. பிற்காலத்தில் ரெஜாக்களில் பலர் தேஜஸ்வினி என்ற பயிற்சித் திட்டத்தின் மூலம் கனரக வண்டிகள் ஓட்டக் கற்றார்கள். கூடை சுமந்த கை ஸ்டீயரிங் பிடிக்க முக்கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

கொடுத்ததா, வாங்கியதா

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் முதலாளியின் பெருந்தன்மைக் கதையாக முடிந்துவிடும். நிர்வாகவியல் வகுப்புகளில் இந்தக் கதையைப் பெரும்பாலும் அப்படித்தான் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் நோட்டில் பக்கத்தில் இன்னொரு வரிசையும் உண்டு. அது வேலைநிறுத்தங்களின் வரிசை.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு அரிசி விலை ஏறியது, கூலி ஏறவில்லை. 1920 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஜாம்ஷெட்பூர் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஜாம்ஷெட்பூர் தொழிலாளர் சங்கம் அந்தப் போராட்டத்தில்தான் பிறந்தது. சம்பளத்தோடு விடுப்பு, வைப்பு நிதி, விபத்து இழப்பீடு மூன்றும் வந்த ஆண்டு எது என்று மேலே திரும்பிப் பாருங்கள். அதே 1920.

1922-இல் மறுபடி வேலைநிறுத்தம். சங்கத்தை நிர்வாகம் ஏற்க மறுத்துக்கொண்டே இருந்தது. காந்தியின் நண்பர் சி.எஃப்.ஆண்ட்ரூஸ் முயற்சியால் 1925 ஆகஸ்டில் காந்தி ஜாம்ஷெட்பூர் வந்தார். காந்தியின் முன்னிலையில்தான் நிறுவனத்தின் சார்பில் ஆர்.டி.டாட்டா சங்கத்தை ஏற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டார். 1928-இல் ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், கதவடைப்பு என்று மாதக்கணக்கில் இழுத்தது. சுபாஷ் சந்திர போஸ் வந்து பேசி முடித்து, சங்கத்தின் தலைவராகவும் பல ஆண்டுகள் இருந்தார். பேறுகால உதவி வந்ததும் அந்த ஆண்டில்தான்.

ஒவ்வொரு நலனும் ஒரு வேலைநிறுத்தத்தின் நேரடிப் பலன் என்று நான் சொல்ல வரவில்லை. எட்டு மணி நேரத்துக்கும் இலவச மருத்துவத்துக்கும் முன்னால் எந்தச் சங்கமும் இல்லை. அவை நிர்வாகமே தந்தவை. தோராப்ஜியின் காலத்தில் நிறுவனம் கிட்டத்தட்ட மூழ்கப்போன 1924-இல், அவர் தன் சொந்தச் சொத்தையும் மனைவியின் ஜூபிலி வைரத்தையும் அடமானம் வைத்துத்தான் ஆலையைக் காப்பாற்றினார். அந்த மனிதர்களின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அக்கறை உள்ள நிர்வாகமும் கேட்கத் தெரிந்த தொழிலாளியும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் மோதிக்கொண்டதால்தான், சாக்சியில் தொடங்கியவை நின்றுபோகாமல் பெருகின. நிர்வாகம் கொடுத்ததைச் சங்கம் எழுத்தில் வாங்கிக்கொண்டது. ஒருமுறை எழுத்தில் வந்துவிட்டால் அடுத்த மேலாளர் வந்தும் அதை எடுக்க முடியாது. நான் வேலை பார்த்த ஆலைகளில் வாய்ச்சொல்லாகக் கிடைத்த சலுகைகள் எத்தனையோ, மேனேஜர் மாறியதும் போய்விட்டன.

முப்பதாயிரம் இயந்திரங்கள், முப்பதாயிரம் மனிதர்கள்

1943-இல், டாட்டா குழுமத்தின் அன்றைய தலைவர் ஜே.ஆர்.டி.டாட்டா ஒரு குறிப்பு எழுதினார். நம்மிடம் முப்பதாயிரம் இயந்திரங்கள் இருந்தால் அவற்றைக் கவனிக்கத் தனித் துறையே வைத்திருப்போம். பழுதானால் சரிசெய்ய, தேயாமல் காக்க, முழுப் பயன் பெற ஆள் வைத்திருப்போம். மனமும் உயிரும் உள்ள முப்பதாயிரம் மனிதர்களை வேலைக்கு வைத்துக்கொண்டு, அவர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டோமே என்பது அதன் சாரம். 1947-இல் பர்சனல் துறை உருவானது. அந்த வேலையைச் செய்து பிழைத்தவன் என்ற முறையில் அந்தக் குறிப்புக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

1956-இல் டாட்டா தொழிலாளர் சங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. துறைவாரியான கூட்டுக் குழுக்கள் முதல் உச்சியில் ஆலோசனை மன்றம் வரை, தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து உட்காரும் அமைப்பு அதில் பிறந்தது. 1958-இல் இன்னொரு பெரிய வேலைநிறுத்தம் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் ஆலையின் பொன்விழாவுக்காக ஜூபிலி பூங்காவை நேரு திறந்துவைத்தார். மைசூர் பிருந்தாவனத் தோட்டத்தின் சாயலில் போட்ட பூங்கா அது. ஒரே வருஷத்தில் பூங்காவும் போராட்டமும். ஜாம்ஷெட்பூரை எனக்குப் புரியவைத்த வருஷம் அதுதான்.

இன்றைக்கும் ஒவ்வோர் ஆண்டும் துர்கா பூஜைக்கு முன்னால் போனஸ் ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. நம்மூரில் தீபாவளி போனஸுக்குப் பேச்சுவார்த்தை நடக்கும் அதே பரபரப்பு. சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. அந்த 8.33 எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பார்கள். பன்னிரண்டு மாதச் சம்பளத்தில் ஒரு மாதச் சம்பளம், அவ்வளவுதான்.

ஆள் குறைக்க வேண்டிய நாள் வந்தபோது

சலுகைகளைப் பற்றிய எந்த ஆய்விலும் நான் முதலில் தேடுவது நல்ல காலத்துப் பக்கங்களை அல்ல. கஷ்ட காலத்தில் என்ன செய்தார்கள் என்பதைத்தான்.

1991-க்குப் பிறகு சந்தை திறந்துவிடப்பட்டது. அப்போது டாட்டா ஸ்டீலில் எழுபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையில் இருந்தார்கள். அத்தனை பேரோடு உலக விலையில் எஃகு விற்க முடியாது என்ற நிலை. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியானது. இந்தியாவின் பல ஆலைகளில் இந்தக் கட்டம் எப்படி நடந்தது என்பதை நான் கிட்ட இருந்து பார்த்தவன். ஒரு தொகையைக் கையில் கொடுத்து கேட்டுக்கு வெளியே விடுவார்கள். இரண்டு வருஷத்தில் அது மகள் கல்யாணத்துக்கும் வீட்டுக்கும் போய்விடும், பிறகு வாட்ச்மேன் வேலை தேடுவார்கள்.

ஜாம்ஷெட்பூரில் அவர்கள் போட்ட திட்டம் வேறு மாதிரி. விருப்பப்பட்டு விலகுகிறவருக்கு, ஓய்வு வயது வரும் வரை மாதாமாதம் சம்பளம் போலவே பணம் வந்துகொண்டிருக்கும். வயதைப் பொறுத்து, வாங்கிய சம்பளத்தைவிடக் கூடுதலாகவும் வரும். நிறுவனத்துக்கும் இதில் கணக்கு உண்டு. தொகை உயராது, ஆனால் வேலையில் இருந்திருந்தால் சம்பளம் உயர்ந்துகொண்டே போயிருக்கும். வீட்டுக்குப் போனவருக்கோ ஒன்றாம் தேதி என்பது ஒன்றாம் தேதியாகவே இருந்தது. மொத்தத் தொகையா மாதத் தொகையா என்பது ஏட்டில் ஒரே கணக்காகத் தெரியலாம். அடுப்பங்கரையில் அது வேறு வேறு வாழ்க்கை.

2021 மே மாதம், கோவிட் இரண்டாம் அலையின் நடுவில், டாட்டா ஸ்டீல் இன்னொன்றை அறிவித்தது. நோயில் இறந்த ஊழியரின் குடும்பத்துக்கு, அவர் உயிரோடு இருந்திருந்தால் அறுபது வயது எட்டும் நாள் வரை, கடைசியாக வாங்கிய சம்பளம் போய்க்கொண்டிருக்கும். மருத்துவமும் வீடும் தொடரும். முன்களத்தில் வேலை செய்யும்போது தொற்றி இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு, இந்தியாவில் பட்டப்படிப்பு முடிக்கும் வரையான செலவையும் நிறுவனமே ஏற்கும். அந்த வாரம் எங்கள் வட்டாரத்து பர்சனல் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அந்த அறிவிப்பைத்தான் பகிர்ந்துகொண்டிருந்தோம். நாங்கள் அப்போது ஆளுக்கு ஆள் இறப்புச் சான்றிதழோடு போராடிக்கொண்டிருந்தோம். படித்ததும் எனக்கு நோட்டின் முதல் பக்கம்தான் நினைவுக்கு வந்தது. 1920-இன் விபத்து இழப்பீட்டுக்கும் இதற்கும் இடையில் நூறு ஆண்டு. அப்படி யோசிக்கும் பழக்கம் ஒரு நாளில் வந்துவிடாது.

வேலிக்கு வெளியே

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இந்த ஆய்வு பொய்யாகிவிடும்.

வீடு கம்பெனியுடையது, ஆஸ்பத்திரி கம்பெனியுடையது, பள்ளிக்கூடம், தண்ணீர், கரண்ட், மைதானம் எல்லாம் கம்பெனியுடையது என்றால், வேலையை விட்டவன் ஒரே நாளில் எல்லாவற்றையும் விட வேண்டும். போராடப் போகிறவன் முதலில் குவார்ட்டர்ஸ் சாவியை நினைப்பான். பல்லாண்டுகளாக ஜாம்ஷெட்பூர் நகரம் தேர்தலில் வந்த நகராட்சி இல்லாமலே நடந்தது. நல்ல சாலைகள் கிடைத்தன, அந்தச் சாலையைப் பற்றிக் கேள்வி கேட்கும் வார்டு உறுப்பினர் கிடைக்கவில்லை. தொடக்க காலத்தில் வெளிநாட்டு நிபுணர்களுக்கு மரங்களுக்கு நடுவே பங்களாக்கள் எழுந்தன. கூலிகளுக்கு வீடு எப்போதும் போதவில்லை, ஊரைச் சுற்றிக் குடிசைப் பகுதிகள் வளர்ந்தன. வேலை செய்தவரின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்ற வழக்கம் உள்ளே இருந்தவர்களுக்குப் பெரிய நிம்மதி. நிலத்தைக் கொடுத்துவிட்டு வெளியே நின்ற சந்தால், ஹோ, பூமிஜ் குடும்பங்களுக்கு அது மூடிய கதவு.

எல்லாவற்றையும்விட பெரிய வேலி காண்ட்ராக்ட். இது ஜாம்ஷெட்பூருக்கு மட்டும் உரிய பிரச்சினை இல்லை, இந்தியாவின் எந்த ஆலைக் கேட்டில் நின்றாலும் பார்க்கலாம். ஒரே உலை, ஒரே சூடு, இரண்டு நிற அட்டை. மேலே நான் அடுக்கிய தேதிகள் எல்லாம் ஆலையின் ஆள் பதிவேடான மஸ்டர் ரோலில் பெயர் உள்ளவனுக்கானவை. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சட்டம் பி.எஃப். தருகிறது. ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் முதன்மை நிறுவனமே கட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அவன் அங்கே வேலை செய்தான் என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும்.

மஞ்சப்பையோடு வந்த அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அதே வருஷம் இன்னொரு அம்மாவும் வந்தார். அவர் கணவர் எங்கள் ஆலையில் பதினோரு வருஷம் லோடிங் வேலை செய்தவர். இடையில் ஒப்பந்ததாரர் மூன்று முறை மாறியிருந்தார். யாரிடமும் சரியான பதிவு இல்லை. சம்பளச் சீட்டு ஒன்றுகூட அவரிடம் கிடையாது. எங்கள் மஸ்டர் ரோலில் அவர் பெயர் இருக்க வழியே இல்லை.

கடைசியில் கிடைத்தது செக்யூரிட்டி அறையின் பரணில் கட்டிப் போட்டிருந்த கேட் ரிஜிஸ்டர்கள். தினமும் காலையில் உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் ஆலையில் விதி. தூசி தட்டி ஒவ்வொரு கட்டாக இறக்கி, மூன்று நாள் உட்கார்ந்து புரட்டினோம். பெயரைக் காவலர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தார்கள். பி.எஃப். அலுவலகத்தில் காட்ட அது போதுமா என்று எனக்கே சந்தேகம். அந்த அம்மாவை வரச்சொல்லி ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. வரிசையாக இருந்த நாற்பது கையெழுத்துகளுக்கு மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, ஒன்றின்மேல் நிறுத்தினார்.

"இது அவருதுதான் சார்."